கோடாலிக்குப் பிடி போட்டவர் யார்?
படப்பிடிப்புத் தளத்து மரணங்களும் குற்றப் பொறுப்பும்

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் ஒரு மனிதன் கோடாலியோடு வேலை செய்துகொண்டிருக்கிறான். அவன் ஓங்கிய வேகத்தில் கோடாலியின் தலை கழன்று பறந்து, பக்கத்தில் நின்றவனைக் கொன்றுவிடுகிறது. வேண்டிய எச்சரிக்கையில் அவன் குறை வைக்கவில்லையானால் அச்செயல் மன்னிக்கத்தக்கது, குற்றமாகாது என்று அப்பிரிவு தன் உதாரணத்தை முடித்துக்கொள்கிறது. சட்ட மாணவர் ஒரு நிமிஷத்தில் படித்துக் கடந்துவிடும் இந்த உதாரணத்தை, பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் அத்தனை எளிதில் கடந்துவிட முடிவதில்லை. தோட்டத்தில் கோடாலி வெட்டுகிறவனுக்குச் சொந்தமானதன்று. அது ஸ்டோரிலிருந்து வந்தது. அதற்குப் பிடி போட்டவன் வேறொருவன். ஆப்புத் தளர்ந்திருக்கிறதென்று முதல் நாள் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், சொன்னவன் மற்றொருவன். அதைக் கேட்டும் கேளாதவர் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். பொழுது சாய்வதற்குள் இத்தனை மரம் விழுந்தாக வேண்டுமென்று கணக்குக் கொடுத்தவர் மேட்டு பங்களாவில் வசித்த துரை. தலை கழன்ற கணத்தில் கோடாலி யாருடைய கையில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிடி போட்டவர் யார் என்ற கேள்வியைத்தான் சட்டம் போதிய அழுத்தத்தோடு கேட்பதில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் எதிர்பாராமல் வெடித்து உயிரைக் குடித்த துப்பாக்கிகளைப் பற்றி ஆராயப் புகும்போது, இந்தக் கோடாலியே மீண்டும் மீண்டும் நம் கண்முன் வந்து நிற்கிறது.

பொனான்சா கிரீக் பண்ணையில் நடந்தது

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகரை அடுத்த பொனான்சா கிரீக் பண்ணையில், ‘ரஸ்ட்’ என்னும் படத்திற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, நடிகர் அலெக் பால்டுவின் கையிலிருந்த பழைய பாணி ரிவால்வரிலிருந்து உண்மையான ரவை ஒன்று புறப்பட்டு, 42 வயதான ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்று, இயக்குநர் ஜோயல் சௌஸாவையும் காயப்படுத்தியது. துப்பாக்கியில் அபாயம் இல்லையென்று தளத்தில் உரக்க அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதே தளத்தில் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. வேலை நிலைமைகளைக் கண்டித்து ஒளிப்பதிவுக் குழுவினர் பலர் அன்று காலையில்தான் தளத்தைவிட்டு வெளியேறியிருந்தார்கள்.

இங்கே தோட்டாக்களின் வகையைச் சற்று விளக்க வேண்டும். வெற்றுத் தோட்டா என்பது மருந்து உண்டு, ரவை இல்லை; ஓசையும் நெருப்பும் மட்டும் தருவது. போலித் தோட்டா என்பது ரவை உண்டு, மருந்து இல்லை. அண்மைக் காட்சியில் காமிராவின் கண்ணை நிறைப்பதற்கானது. பல போலித் தோட்டாக்களுக்குள் ஒரு சிறு குண்டைப் போட்டு வைப்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலவென்று ஓசை வரும். ஒவ்வொரு தோட்டாவையும் அவ்வாறு குலுக்கிப் பார்த்து, ஓசை எழாததை விலக்கிவைப்பது ஆயுதப் பொறுப்பாளரின் முதற்கடமை. ஓர் உயிரைக் காக்க அந்தத் தளத்தில் தேவைப்பட்டது, இந்தச் சிறிய ஓசைக்குக் காது கொடுக்கும் அவகாசமேயாகும்.

ஆயுதப் பொறுப்பாளரான ஹன்னா குட்டியரெஸ்–ரீட் அப்போது இருபத்து நான்கு வயதுப் பெண். ஆயுதப் பொறுப்போடு படப்பொருள் உதவியாளர் என்ற இரண்டாவது வேலையும் அவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். ஏப்ரலில் 18 மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. துப்பாக்கியைத் தளத்தில் ஒப்படைத்ததாகச் சொல்லப்பட்ட உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ், அரசுத் தரப்போடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி குற்றச்சாட்டை எதிர்க்காமல், ஆறு மாத நன்னடத்தைத் தண்டனையோடு விடுபட்டார். பால்டுவின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு ஒரு முறை கைவிடப்பட்டு, மறுமுறை தொடங்கப்பட்டு, 2024 ஜூலை 12-ஆம் தேதி, தோட்டாக்கள் சம்பந்தமான சாட்சியத்தை அரசுத் தரப்பு எதிர்வாதிக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது என்ற காரணத்தால், மீண்டும் தொடுக்க முடியாத வகையில் தள்ளுபடியாயிற்று.

இந்த வழக்கில் என் சிந்தனையை அதிகம் பற்றிக்கொண்டது தண்டனைகளின் அளவன்று. பால்டுவின் நடிகர் மட்டுமல்லர், தயாரிப்பாளர்களில் ஒருவர். ஆயினும், அவர் தயாரிப்பாளராக இருந்தது இந்த விசாரணைக்குப் பொருத்தமற்றது என்று விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்பே நீதிபதி தீர்ப்பளித்துவிட்டார். ஆக, துப்பாக்கியைப் பிடித்த கை மன்றத்தின் முன் வந்தது. ஒருவருக்கு இரண்டு வேலை கொடுத்த கை, முன்னறிவிப்புகளைக் கேட்டும் வேலையை நடத்திச் சென்ற கை, குற்ற விசாரணைக்கு வெளியே நின்றுவிட்டது. ஆயுதப் பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படவில்லை என்பதை நிர்வாகம் அறிந்தே இருந்தது என்று முடிவுசெய்த நியூ மெக்ஸிகோவின் தொழிலிடப் பாதுகாப்பு இலாகா, தயாரிப்பு நிறுவனத்துக்கு 1,36,793 டாலர் அபராதம் விதித்தது. பின்னர் அது 1,00,000 டாலராகச் சமரசத்தில் முடிந்தது. ஆயுதப் பொறுப்பாளர் தண்டிக்கப்பட்டது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய அஜாக்கிரதை சாட்சியங்களால் நிரூபிக்கப்பட்டது. அவரோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுவதே பிழை.

‘ரஸ்ட்’ மரணத்திற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் ஒரு முறை எழுதப்பட்டிருந்தது. 1993 மார்ச் 31-இல், வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், ‘தி குரோ’ படத்தில் நடித்துக்கொண்டிருந்த 28 வயது பிராண்டன் லீ சுடப்பட்டு இறந்தார். உண்மைத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டுத் தளத்திலேயே போலித் தோட்டா செய்தார்கள். அடிப்பகுதியின் தீப்பொறி மருந்து அப்படியே இருந்தது. அந்தப் பொறியின் வலுவில் ஒரு ரவை நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொண்டது. பிறிதொரு நாள் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போடப்பட்டபோது, அதன் மருந்து முழுவதும் அந்த ரவையை உந்திவிட்டது. போலித் தோட்டா செய்தவர், குழலைச் சோதிக்காமல் விட்டவர், விசையை அழுத்திய நடிகர், அவசரத்தை விதித்தவர் என்று பல கைகள் அந்த மரணத்தில் சேர்ந்திருந்தன; எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. ஒரு வழக்கில் அடிநிலைக் கை மட்டும் சிறை சென்றது. மற்றொன்றில் எந்தக் கையும் தண்டிக்கப்படவில்லை. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள்.

ஒரே தொகுப்பின் நிழலில்

அமெரிக்க மாநிலங்களின் சட்டம் வேறு, நம்முடையது வேறு என்று வாசகர் கருதலாம். ஆனால் ஈப்போவில் இந்த வினா எழுந்தால் அதற்கு விடை தேட வேண்டிய இடமும் சென்னையில் எழுந்தால் தேட வேண்டிய இடமும் ஆதியில் ஒன்றேயாகும். மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பட்டு, 1860-இல் இந்தியாவில் சட்டமான தண்டனைத் தொகுப்பு, 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, அங்கிருந்து மலாய் மாநிலங்களுக்கும் பரவி, இன்று 574-ஆம் சட்டம் என்ற எண்ணோடு மலேசியாவில் வழங்குகிறது. முரட்டுத் துணிவாலோ அஜாக்கிரதையாலோ ஒருவர் மரணத்தை விளைவித்தால், அது கொலைக் குற்றமாகாத நிலையில், இரண்டாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பது அதன் 304-ஏ பிரிவு. இந்தியாவில் 1870-இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, 2024 ஜூலை முதல் அங்கே புதிய தண்டனைத் தொகுப்பான நியாய சங்கிதையின் 106-ஆம் பிரிவாகி, தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது.

நடிகரின் நிலையை இத்தொகுப்பு மிக நேர்த்தியாக அளக்கிறது. உண்மை நிலையைப் பற்றிய பிழையால், தான் செய்வது சட்டப்படி சரியே என்று நல்லெண்ணத்தோடு நம்பியவர் 79-ஆம் பிரிவின் பாதுகாப்பைப் பெறுவார். ஆனால் தக்க கவனமின்றி நம்பிய எதுவும் நல்லெண்ணத்தோடு நம்பியதாகாது என்று 52-ஆம் பிரிவு எல்லை கட்டுகிறது. 1978-இல் ஒரிஸ்ஸா உயர் நீதிமன்றத்திற்கு வந்த கோரா காஸி வழக்கில், இரவில் தன் சோளக்கொல்லையைக் காத்துக்கொண்டிருந்தவர், கரடி என்று நம்பி அம்பெய்ய, மனிதர் ஒருவர் மாண்டார். அவருடைய நம்பிக்கை நேர்மையானதென்று கண்டு மன்றம் அவரை விடுவித்தது. இங்கிலாந்தில் 1967-இல் முடிந்த லாம் வழக்கில், ஓர் இளைஞன் இரண்டு தோட்டாக்கள் இருந்த ரிவால்வரை விளையாட்டாக நண்பனை நோக்கி நீட்டி விசையை அழுத்தினான்; தோட்டாக்கள் குழலுக்கு நேரே இல்லை, ஆகையால் வெடிக்காது என்று எண்ணினான்; விசையோடு உருளையும் சுழலும் என்பதை அவன் அறியவில்லை. நண்பன் இறந்தான், இளைஞனின் தண்டனையை மேல்முறையீட்டு மன்றம் ரத்து செய்தது.

இவ்விரண்டையும் துணையாகக் கொண்டால், தேர்ந்த ஒருவர் சோதித்துக் கொடுத்த ஆயுதத்தை நடிகர் நம்பியது நியாயமே என்று முதற்பார்வையில் தோன்றும். எனினும் கொல்லையில் தனியே இருந்தவனுக்கு எந்த முன்னெச்சரிக்கையும் கிடைத்திருக்கவில்லை. தவறுதலாகத் துப்பாக்கி வெடித்த தளத்தில், சக ஊழியர் வெளியேறிய காலையில், தக்க கவனத்தின் அளவு உயர்ந்துவிடுகிறது. அந்த அபாய நிலை ஒருவருக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ, அதைத் திருத்தும் அதிகாரம் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுக்கு அவருடைய பொறுப்பும் உயர வேண்டும். ஆகவே, அழைத்தபோது வந்து நடித்துவிட்டுப் போகும் துணை நடிகரையும், தயாரிப்பில் பாத்தியதை உள்ள நடிகரையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது.

கடைசிக் கையும் முதற்காரணமும்

மேல்மட்டத்தில் உள்ளவர்களைச் சட்டம் எட்டிப் பிடிக்க முடியாமற் போவதற்குரிய முக்கிய தடை, 304-ஏ பிரிவைப் பற்றி இந்திய மன்றங்கள் நெடுங்காலமாகக் கூறிவந்த ஒரு வியாக்கியானமாகும். குற்றஞ்சாட்டப்பட்டவருடைய செயல் மரணத்தின் நேர்க் காரணமாக இருக்க வேண்டும். இடையில் வேறொருவருடைய அஜாக்கிரதை குறுக்கிடலாகாது என்பது அது. குர்பான் ஹுசைன் வழக்கில், பம்பாயில் வர்ணமும் வார்னிஷும் செய்யும் ஆலை ஒன்றில், எரியும் அடுப்புகளையும் எளிதில் தீப்பற்றும் டர்ப்பன்டைனையும் ஒரே அறையில் வைக்க நிர்வாகி இடங்கொடுத்திருந்தார். காய்ச்சிய சரக்கின் கொதிப்புத் தணியுமுன் தொழிலாளி ஒருவர் டர்ப்பன்டைனை ஊற்ற, தீ எழுந்து ஏழு தொழிலாளர் மாண்டனர். ஊற்றியவரின் செயலே நேர்க் காரணம் என்று கண்ட உச்ச நீதிமன்றம், நெருப்பைப் பற்றிய அஜாக்கிரதைக்கான 285-ஆம் பிரிவில் மட்டும் நிர்வாகியைக் குற்றவாளியாக்கி, ஏழு உயிர்களின் பொறுப்பிலிருந்து அவரை விடுவித்தது. 1972-இல் முடிந்த அம்பாலால் பட் வழக்கில், நஞ்சு கலந்த குளுகோஸ் கரைசலால் பலர் இறந்தபோது, ரசாயன நிபுணர் ஒருவரையும் குற்றஞ்சாட்டினார்கள். அஜாக்கிரதை அவர் ஒருவருடையதன்று, தயாரிப்பிலும் மேற்பார்வையிலும் பலர் தவறியிருந்தனர் என்று கண்டு மன்றம் அவரை விடுவித்தது.

தனிப்பட்ட குடிமகனை அநியாயத் தண்டனையினின்று காக்கும் கொள்கை என்ற முறையில் இந்த வியாக்கியானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல கைகள் சேர்ந்து நடத்தும் தொழிலில் அதைப் பொருத்தும்போது, ஒன்று, கடைசியாகத் தொட்ட எளிய தொழிலாளியே முழுக் குற்றத்தையும் சுமக்கிறார். அல்லது, குற்றம் பலருக்குப் பங்காகி எவர்மீதும் தங்காமற் போகிறது.

இதன் விளைவைத் தென்னாட்டுத் திரையுலகில் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். நானறிந்தவரை அங்கே உயிர் பறித்தவை துப்பாக்கிகளைவிட உயரமும் வேகமும் பாரமுமே. 1980 நவம்பர் 16-இல், சோழவரத்தில் ‘கோளிளக்கம்’ படத்திற்காக ஹெலிகாப்டரைப் பற்றித் தொங்கிய மலையாள நடிகர் ஜெயன் மாண்டார். 2016 நவம்பர் 7-இல், பெங்களூரை அடுத்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ‘மாஸ்தி குடி’ என்னும் கன்னடப் படத்திற்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த அனில், உதய் என்ற இரு சண்டை நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். 2020 பிப்ரவரி 19-இல், சென்னை பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. படப்பிடிப்பு நகரில், ‘இந்தியன் 2’ தளத்தில் பளுதூக்கி சரிந்து மூவர் மாண்டனர். படத்தின் நாயகரும் இயக்குநரும் குற்றப் பிரிவுப் போலீசாரால் விசாரிக்கப்பட்டபோதிலும், முதலில் கைதானவர் பளுதூக்கியை இயக்கியவரே. 2025 ஜூலை 13-இல், நாகப்பட்டினம் மாவட்டத்தில், பா. ரஞ்சித்தின் படத்திற்காகக் கார்ச் சாகசம் செய்த சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் மரணமடைந்தார். அம்முறை இயக்குநர் உள்ளிட்டோர்மீதே வழக்குப் பதிவாயிற்று. ஒரு வழக்குப் பதிவானது எவரையும் குற்றவாளியாக்கிவிடாது. ஆயினும், விசாரணையின் விரல் மேல்நோக்கியும் நீளக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பேராக்கில் நிகழ்ந்தால்

பேராக் திரைப்படத்திற்குப் புதிய நிலமன்று. ‘அன்னா அண்ட் தி கிங்’, ‘லஸ்ட், காஷன்’ போன்ற வெளிநாட்டுப் படங்களும், யாஸ்மின் அஹ்மாட்டின் ‘செபெட்’, ‘டேலண்டைம்’ ஆகியவையும் ஈப்போ வட்டாரத்தில் எடுக்கப்பட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய தமிழரின் வாழ்வை ஷான்ஜய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் திரைக்குக் கொண்டுவந்த பின், நம் கதைகளை நாமே எடுக்கலாம் என்ற துணிவு இளைஞரிடையே வளர்ந்திருக்கிறது. அக்கதைகளில் துப்பாக்கிக்கு இடமில்லாமற் போகாது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டம் உட்பட இரு தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன் விதிகளின்படி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற ஒரே குற்றத்திற்காகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு காலத்தில் ஆயுதம் கையிலிருந்ததே மரண தண்டனைக்குப் போதுமானதாக இருந்த மண் இது. கையில் இருந்தது எப்படி வந்தது, யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்ற வினாக்களுக்கு இடந்தராத நீதி எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதை நம்மவர் அநுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் இந்நாட்டில் துப்பாக்கியை இறுகக் கட்டிவைத்திருப்பதால், உண்மைத் தோட்டா படத்தளத்தில் வந்து கலப்பது அமெரிக்காவைப்போல் இங்கே எளிதன்று. ஆனால் வெற்றுத் தோட்டாவும் அண்மையிலிருந்து கொல்லும். 1984-இல் ஜான்–எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், வெற்றுத் தோட்டா இட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி உயிரிழந்தார். காரும் உயரமும் எந்தச் சட்டத்தாலும் அவ்வாறு கட்டப்படவில்லை.

அத்தகைய துர்மரணம் நம் தளத்தில் நிகழ்ந்தால், கடைசிக் கையோடு நின்றுவிடாமல் மேலே செல்வதற்கு வேண்டிய படிகள் நம் சட்டத்திலேயே இருக்கின்றன என்பதுதான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. தண்டனைத் தொகுப்பின் 32-ஆம் பிரிவின்படி, செயல் என்ற சொல் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டதையும் உள்ளடக்கும். எதைச் செய்யாமல் விடுவது சட்டவிரோதம் என்பதை 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது: இயன்ற அளவு பாதுகாப்பான வேலை முறையும் கருவிகளும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது எஜமானரின் கடமை. முன்பு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும் உரியதாக இருந்த அச்சட்டம், 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் வீட்டு வேலை, கப்பல், இராணுவம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது. உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5,00,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. நிறுவனத்தின் இயக்குநர்களையும் குற்றஞ்சாட்ட வழி இருக்கிறது. உடனடி அபாயத்தை எஜமானர் நீக்கத் தவறினால் அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்திருக்கிறது. இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால், ஆயுதப் பொறுப்பாளர் ஒருவருக்கு இரண்டு வேலை கொடுத்த தயாரிப்பாளர் வெறும் சிக்கனக்காரர் அல்லர். மேற்பார்வை என்ற கடமையைச் செய்யாமல் விட்டவர். அவர் விட்டதும் 304-ஏ பிரிவின் பொருளில் ஒரு செயலே என்று வாதிட இடமுண்டு. தொழிலாளியின் பிழை இடையே குறுக்கிட்டதே என்ற எதிர்வாதத்திற்கும் விடை உண்டு: களைத்தவன் தவறக்கூடும் என்பதை எதிர்பார்த்துத் தடுப்பதற்கே மேற்பார்வை விதிக்கப்பட்டது, எதைத் தடுக்கக் கடமைப்பட்டாரோ, அதுவே நிகழ்ந்ததை அவர் தமக்குச் சாக்காகக் காட்டுவது முறையாகாது.

ஆகையால், தளத்து மரணம் ஒவ்வொன்றிலும் போலீஸ் விசாரணை துப்பாக்கியோடும் அதைப் பிடித்தவரோடும் முடிந்துவிடாமல், வேலை அட்டவணையையும் செலவுக் கணக்கையும் முன்னைய புகார்களையும் கைப்பற்றி, எச்சரிக்கை எந்தப் படிவரை ஏறிச் சென்றது, எந்தப் படியில் அமிழ்த்தப்பட்டது என்பதைக் கண்டறிய வேண்டும். படப்பிடிப்புக்கு அனுமதி வழங்கும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், ஆயுதமோ வெடியோ சாகசமோ இடம்பெறும் படங்களில், வேறு வேலை சுமத்தப்படாத, காட்சியை நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் பெற்ற பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவரை நிபந்தனையாக்க வேண்டும். அத்தகைய எழுத்து, விபத்துக்கு முன் உயிரைக் காக்கும். விபத்துக்குப் பின் பொறுப்பு யாருடையது என்பதற்குச் சாட்சியாகும். தண்டனையை இரண்டாண்டிலிருந்து ஐந்தாக்குவதால் மட்டும் இது கைகூடாது. தவறான ஆளுக்கு நீண்ட தண்டனை கிடைப்பது நீதியின் வளர்ச்சியாகாது.

தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளைகளுக்கிடையே கை சிக்கி விரல் இழந்தவர்களை எங்கள் முந்திய தலைமுறை நன்கறியும். உருளைக்குக் காப்புத் தடுப்பு இருந்ததா என்று கேட்குமுன்பே, அவரவர் அஜாக்கிரதை என்று எழுதிவிடுவது எளிதாயிருந்தது. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அந்த எழுத்தைத் தாண்டி, பிழை யாருடையதென்று அலையாமல், வேலை யாருக்காக நடந்தது என்று கேட்கத் துணிந்தது. அவ்வாறு கேட்டதால் விரல் இழந்தவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. குற்றவியல் நீதி அதே கேள்வியை அப்படியே கேட்க முடியாது. அது பிழையைத் தேடியே ஆக வேண்டும். ஆனால் தேடும்போது ஸ்டோர் வரைக்கும், பெரட்டுக் களம் வரைக்கும், தேவையானால் மேட்டு பங்களா வரைக்கும் நடந்து சென்று தேடலாம்.

80-ஆம் பிரிவின் மனிதன் வேண்டிய எச்சரிக்கையில் குறை வைக்காதவன். அவனை விடுவிப்பது சரியே. ஆனால் தோட்டத்தில், ஆப்புத் தளர்ந்திருக்கிறதென்று முதல் நாள் பெரட்டில் ஒருவன் சொன்னானல்லவா? அவன் சொன்னதை யார் கேட்டார், கேட்டபின் என்ன செய்தார் என்பதிலிருந்து விசாரணை தொடங்கட்டும்.